கேஷும் காசும்

தமிழிலிருந்து ஆங்கிலம் பெற்றுக்கொண்ட சொற்கள் யாவை என்னும் வினா எழும் இடமெல்லாம் முதலில் வந்து நிற்கும் சொல் 'கேஷ்' என்பதாகும். மேடைப் பேச்சாளர் அதனை எடுத்துக்கூறிக் கைதட்டல் பெறுகிறார். ஆசிரியர் கரும்பலகையில் அதனை எழுதி, அருகே 'காசு' என்று எழுதி, இரண்டிற்கும் நடுவே ஒரு கோடு இழுக்கிறார். கைத்தொலைபேசி வழியே சுற்றிவரும் சொற்பட்டியல்களிலும் அதற்கே முதலிடம். ஒலி ஒத்திருக்கிறது, பொருளும் ஒத்திருக்கிறது, இதற்குமேல் வேறென்ன சான்று வேண்டும் என்பது பலருடைய எண்ணம்.

ஆனால் அந்த வகுப்பிலே அமர்ந்திருக்கும் மாணவன் ஆங்கிலமும் அறிந்தவன். வீடு சென்று ஆங்கில அகராதியைப் புரட்டுகிறான். அங்கே 'கேஷ்' என்பதன் எதிரே பிரெஞ்சும் இத்தாலியமும் இலத்தீனும் காணப்படுகின்றன; தமிழ் காணப்படவில்லை. ஆசிரியர் சொன்னது பிழை என்று அவன் முடிவு செய்கிறான். அவ்வளவோடு நின்றால் கேடில்லை. 'கட்டுமரம்' ஆங்கிலத்துக்குச் சென்றது என்று மறுநாள் அதே ஆசிரியர் கூறும்போது, அந்த மெய்யையும் அவன் நம்ப மறுக்கிறான். ஒரு பொய்ச்சான்று பத்து மெய்ச்சான்றுகளின் மதிப்பைக் கெடுத்துவிடுகிறது. இச்சொல்லைத் தெளிவாக ஆராய வேண்டிய தேவை இதனாலேயே எழுகிறது.

ஆராயப் புகுவார்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. 'கேஷ்' தமிழ்ச்சொல்லே என்பாரும் முழு உண்மை கூறினாரல்லர். அதற்கும் தமிழுக்கும் தொடர்பே இல்லை என்பாரும் முழு உண்மை கூறினாரல்லர். ஏனெனில் ஆங்கிலத்தில் உள்ள 'கேஷ்' ஒரு சொல் அன்று, இரண்டு சொற்கள்.

வழக்கில் உள்ள 'கேஷ்'

இன்று உலகெங்கும் வழங்கும் 'கேஷ்' என்பது கையில் ரொக்கமாக உள்ள பணத்தைக் குறிக்கும். காசோலை, கடன், கணக்கில் எழுதிக்கொள்ளல் ஆகியவற்றுக்கு மாறாக உடனே எண்ணிக் கொடுக்கத்தக்க நாணயமும் தாளுமே 'கேஷ்'. இப்பொருளில் அச்சொல்லுக்குப் பன்மை இல்லை. அஃது எண்ணுப்பெயராக வழங்காது. அதுவே வினையாகவும் வரும். காசோலையைக் கொடுத்துப் பணமாக மாற்றிக்கொள்வதை ஆங்கிலேயர் அச்சொல்லாலேயே வினைப்படுத்திக் கூறுவர். பண்பு குறிக்கும் அடைகளோடு சேர்ந்தும் அது வரும். அலுவலகங்களில் சில்லறைச் செலவுக்கென ஒதுக்கும் சிறு தொகைக்குப் 'பெட்டி கேஷ்' என்று பெயர்.

இந்தப் 'பெட்டி கேஷ்' என்னும் தொடரிலே ஒரு பொறி உண்டு. 'பெட்டி' தமிழ், 'கேஷ்' காசு, ஆகவே பெட்டிக்காசு என்பதே ஆங்கிலம் சென்றது என்று ஒருவர் எளிதில் கூறிவிடலாம், கேட்பாரும் மகிழ்வர். ஆனால் இங்குள்ள 'பெட்டி' என்பது 'சிறிய' என்னும் பொருளுடைய 'பெத்தீ' என்ற பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. பெட்டி என்னும் பொருள் அதற்கில்லை. விந்தை என்னவெனில், பெட்டிப் பொருள் இத்தொடரில் இருக்கவே இருக்கிறது. ஆனால் அஃது இருப்பது முதற்சொல்லில் அன்று, இரண்டாம் சொல்லில்!

பெட்டி தந்த சொல்

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் 'கேஷ்' ஆங்கில எழுத்தில் தோன்றியபோது அதற்குப் பணப்பெட்டி என்னும் பொருளும் இருந்தது. வணிகன் தன் பணத்தை இட்டுப் பூட்டும் பேழையே 'கேஷ்'. பதினெட்டாம் நூற்றாண்டு வரையில் இப்பொருள் வழக்கில் நின்று பின்னர் மறைந்தது. அச்சொல் ஆங்கிலத்துக்கு வந்த வழி பிரெஞ்சில் 'கேஸ்' என்றும் இத்தாலியத்தில் 'கஸ்ஸா' என்றும் வழங்கும் சொல். இரண்டும் பெட்டியையே குறிப்பன. ஐரோப்பாவில் வங்கித் தொழிலும் கணக்கு முறையும் இத்தாலிய வணிகரால் வளர்ந்தவை ஆதலின், அத்தொழிலுக்குரிய சொற்கள் பல அவர்கள் நாவிலிருந்தே பிற நாடுகளுக்குப் பரவின.

இவ்விரண்டிற்கும் மூலம் இலத்தீன் மொழியின் 'கப்ஸா'. உரோமானியர் சுருளாகச் சுற்றிய நூல்களை இட்டுவைத்த உருண்டைப் பேழைக்கும் அதுவே பெயர். 'கப்ஸா' என்பது 'பற்று, கொள்' என்னும் பொருளுடைய 'கப்' என்னும் அடியிலிருந்து பிறந்தது. பொருளைக் கொள்வது ஆதலின் கொள்கலம் ஆயிற்று. தமிழில் 'கொள்கலம்' அமைந்தவாறே அங்கும் அமைந்திருத்தல் காண்க.

இந்த இலத்தீன் அடியிலிருந்து கிளைத்த சொற்குடும்பம் மிகப் பெரிது. பெட்டியைக் குறிக்கும் 'கேஸ்' என்னும் ஆங்கிலச் சொல் அதன் வழியது. மருந்தை உள்ளடக்கிய 'கேப்சூல்' மாத்திரை, 'சிறு பெட்டி' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லே. பாட்டுப் பதிவு செய்த 'கேசட்' என்பதும் பிரெஞ்சில் சிறு பெட்டிதான். ஆக, மருந்துக் கடையில் உள்ள கேப்சூலும், பழைய பாட்டுக் கேசட்டும், வணிகன் கையில் உள்ள கேஷும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். தமிழ்க் 'காசு' இக்குடும்பத்தில் பிறந்ததன்று.

ஆகுபெயர் விளக்கம்

பெட்டியைக் குறித்த சொல் பணத்தைக் குறிக்க வந்தது எவ்வாறு? இதற்கு விடை காணத் தமிழாசிரியர் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. ஊர் சிரித்தது என்றால் ஊரில் உள்ள மக்கள் சிரித்தனர் என்பது பொருள். இடத்தின் பெயர் இடத்தில் உள்ள பொருளுக்கு ஆகிவந்தது. ஆங்கில 'கேஷ்' இவ்வாறு அமைந்த ஆகுபெயரே. கொள்கலத்தின் பெயர் அதிலுள்ள பணத்துக்கு ஆயிற்று.

கடைத்தெருவிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. கடைக்காரர் பணம் போட்டுவைக்கும் கல்லாப்பெட்டியைக் 'கல்லா' என்பர். 'இன்று கல்லா நிரம்பவில்லை' என்னும்போது அது பெட்டியைக் குறிக்கிறது. 'கல்லா எவ்வளவு?' என்று கேட்கும்போது அதிலுள்ள பணத்தைக் குறிக்கிறது. ஆங்கில வணிகனும் இவ்வாறே 'கேஷில் எவ்வளவு உள்ளது?' என்று கேட்டுக் கேட்டு, நாளடைவில் 'கேஷ் எவ்வளவு?' என்று கேட்கலானான். பெட்டி மறைந்தது, பணம் நின்றது. மாணவர்க்கு ஆகுபெயர் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இஃது அருமையான எடுத்துக்காட்டாகும். பொய்யான சொற்பிறப்பைக் கூறி இந்த மெய்யான பாடத்தை இழப்பது நட்டமேயன்றி ஊதியம் அன்று.

தமிழ்க் காசு

இனித் தமிழ்க் காசின் வரலாறு காண்போர்க்கு அதன் பழமை விளங்கும். சங்க நூல்களில் காசு என்பது பொன்னாலும் மணியாலும் ஆகிய அணியுறுப்பைக் குறிக்கும். திருமுருகாற்றுப்படை, காசுகள் பல நிரைத்துக் கோத்த இடையணியைப் பேசுகிறது. குறுந்தொகையின் 67-ஆம் பாட்டில் ஓர் அழகிய காட்சி உண்டு. கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பற்றியிருக்கிறது. புதிய நூலில் கோப்பதற்காக நகநுனியில் ஒருவர் பிடித்திருக்கும் பொற்காசு போல அது தோன்றுகிறதாம். இன்றுங்கூடத் திருமணங்களில் காசுமாலை அணிவது இப்பழைய வழக்கின் தொடர்ச்சியே.

பிற்காலத்தில் அச்சொல் நாணயத்துக்கே சிறப்பாக உரியதாயிற்று. சோழர் கல்வெட்டுகளில் காசும் ஈழக்காசும் இடம்பெறுகின்றன. திருவீழிமிழலையில் பஞ்சம் நேர்ந்தபோது அப்பரும் சம்பந்தரும் நாடோறும் படிக்காசு பெற்று அடியார்க்கு அமுதளித்தனர் என்பது பெரியபுராண வரலாறு. சம்பந்தர் பெற்ற காசு வாசி கொடுத்து மாற்றவேண்டியதாயிருந்தது என்னும் செய்தி, அக்காலத்து நாணய மாற்று முறைக்கே ஒரு சான்றாகும். யாப்பிலக்கணம் கற்றாரோ காசை ஒருநாளும் மறவார். வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு வாய்பாடு நாள், மலர், காசு, பிறப்பு என்பனவன்றோ?

இச்சொல்லை 'கர்ஷம்' என்னும் வடமொழி நிறைப்பெயரோடு இணைத்துக் காட்டிய அறிஞர் உளர். தமிழுக்கே உரியது என்பாரும் உளர். அவ்வழக்கு ஈண்டு வேண்டா. ஒன்றை மட்டும் மனத்தில் இருத்துதல் போதும். அணியுறுப்பு, மணி, பொன், நாணயம், பணம் என்று எத்தனையோ பொருள்கள் காசுக்கு உண்டு. பெட்டி என்னும் பொருள் ஓரிடத்திலும் இல்லை. ஆங்கிலக் 'கேஷு'க்கோ பெட்டிப் பொருளே மூலம். ஆதலின் இவ்விரண்டையும் தாயும் மகளுமாகக் கொள்ளுதல் பொருந்தாது.

கடல் கடந்த காசு

அப்படியாயின் தமிழ்க் காசு ஆங்கிலத்துக்குச் செல்லவே இல்லையா? சென்றது. அதுவே இரண்டாவது 'கேஷ்'. ஆக்ஸ்போர்டு பேரகராதி இதனை முதற்சொல்லோடு சேர்க்காமல் தனிச்சொல்லாகத் தனித்தலைப்பில் வைத்துள்ளது. 1886-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் ஆங்கில இந்தியச் சொல்லகராதியும் இதற்குத் தனி விளக்கம் தருகிறது. அதனை ஆக்கிய இருவருள் ஒருவரான பர்னல், தஞ்சையில் நடுவராகப் பணிபுரிந்தவர். தென்னாட்டு மொழிகளையும் கல்வெட்டெழுத்துகளையும் கற்றறிந்தவர்.

இந்த இரண்டாவது 'கேஷ்' பொதுவாகப் பணத்தைக் குறிப்பதன்று. கீழ்நாடுகளில் வழங்கிய மதிப்புக் குறைந்த சிறு நாணயத்தையே அது குறிக்கும். இதனை எண்ணலாம், ஒரு கேஷ், இருபது கேஷ் என்று கூறலாம். சென்னையில் கிழக்கிந்தியக் கும்பினியார் கொண்டிருந்த நாணய முறையில் 80 கேஷ் ஒரு பணம்; 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். எனவே ஒரு வராகனுக்கு 3,360 கேஷ். 1818-ஆம் ஆண்டில் ரூபாய் முறை வந்தபோது இக்கணக்கு நீங்கியது.

இந்தச் செப்புக்காசுகள் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துச் சோஹோ அச்சுச்சாலையில் 1803-ஆம் ஆண்டிலும் 1808-ஆம் ஆண்டிலும் அடிக்கப்பட்டுச் சென்னைக்கு அனுப்பப்பட்டன. ஒருபுறம் கும்பினியாரின் சின்னமும், மறுபுறம் பாரசீக எழுத்தும், உரோமன் எண்ணில் மதிப்பும், 'கேஷ்' என்னும் ஆங்கிலச் சொல்லும் அவற்றில் உண்டு. 1809-ஆம் ஆண்டு சனவரியில் 'அட்மிரல் கார்ட்னர்' என்னும் கப்பல், இக்காசுகளைச் சுமந்துவரும் வழியில் இங்கிலாந்துக் கரையருகே குட்வின் மணற்றிட்டில் மோதி மூழ்கியது. அண்மைக் காலத்தில் கடலடியிலிருந்து அக்காசுகள் பெருந்தொகையாக எடுக்கப்பட்டு, இன்று நாணயம் தொகுப்போர் பலரிடம் உள்ளன.

திருவிதாங்கூர் அரசிலும் 'கேஷ்' என்னும் நாணயம் இருந்தது. 16 கேஷ் ஒரு சக்கரம். 28 சக்கரம் ஒரு ரூபாய். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் அது வழக்கில் இருந்தது. தரங்கம்பாடியில் இருந்த டேனியர் அதனைக் 'காஸ்' என்று எழுதினர். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் 'காஷ்' என்று எழுதினர். இவையெல்லாம் தமிழ்க் காசின் பிள்ளைகளே.

'கேஷ் தமிழே' என்போர் சான்றாகக் காட்டுவது பெரும்பாலும் இந்தச் செப்புக்காசைத்தான். நாணயத்தின்மீதே ஆங்கில எழுத்தில் பொறித்திருக்கிறதே, இனி மறுப்பு ஏது என்பர். பொறித்திருப்பது மெய், அது தமிழ் என்பதும் மெய். ஆனால் அஃது இரண்டாவது 'கேஷ்'. முதலாவது 'கேஷு'க்கு அது சான்று ஆகாது. ஒருவன் உறுதிச்சீட்டைக் காட்டி வேறொருவன் வீட்டுக்கு உரிமை கேட்பது போன்றது இவ்வாதம்.

போர்த்துக்கீசியர் போட்ட முடிச்சு

இரண்டு சொற்களும் ஒரே வடிவம் பெற்றது எவ்வாறு? இதற்குக் காரணர் ஆங்கிலேயர் அல்லர். அவர்க்கு முன்னே வந்த போர்த்துக்கீசியர். 1498-ஆம் ஆண்டில் அவர்கள் கள்ளிக்கோட்டையில் இறங்கினர்; 1511-ஆம் ஆண்டில் மலாக்காவைக் கைப்பற்றினர். தென்னாட்டில் சிறு நாணயத்தைக் 'காசு' என்று மக்கள் கூறக் கேட்ட அவர்கள், அதனைத் தம் மொழிக்கேற்பத் திருத்திக் 'காய்ஷா' என்று வழங்கினர். கொங்கணி போன்ற மேற்குக்கரை மொழி வழியாகவும் அவர்கள் கேட்டிருக்கலாம் என்பது அகராதியார் கருத்து. அவர்கள் மொழியில் 'காய்ஷா' என்று ஒரு சொல் முன்னமே இருந்தது. அதன் பொருள் பெட்டி! மேலே கூறிய இலத்தீன் 'கப்ஸா'வின் வழியில் வந்ததே அது.

அயற்சொல்லைக் கேட்கும் மக்கள் அதனைத் தமக்குப் பழக்கமான சொல்லின் சாயலில் வார்த்துக்கொள்வது எல்லா மொழியிலும் காணும் இயல்பு. தமிழ்க் காசு போர்த்துக்கீசியர் நாவில் பெட்டிச்சொல்லின் உடையை உடுத்துக்கொண்டது. அவ்வாறு உடை மாறிய காசையே ஆங்கிலேயர் கேட்டுக் 'கேஷ்' என்றனர். அவர்களிடமும் பெட்டியின் வழிவந்த 'கேஷ்' ஒன்று இருந்தது. பிறப்பால் வேறான இரண்டு சொற்கள் ஒரே உடையில் எதிரெதிரே நின்றன. பின்வந்தோர் உடையைக் கண்டு உடன்பிறப்பு என்று மயங்கினர்.

இக்கதையில் மலாய்த் தீவுகளுக்கும் பங்குண்டு. கோவாவில் சில ஆண்டுகள் தங்கிய டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன் எழுதிய பயண நூல் 1598-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது. சுண்டா நாட்டில் நடுவே துளையுள்ள செப்புக்காசு வழங்குகிறது, அதற்குக் 'காய்ஷா' என்று பெயர், நூற்றுக்கணக்கில் கயிற்றில் கோத்து வைப்பர் என்று அந்நூல் கூறுகிறது. சாவகத்தார் அதனைப் 'பிச்சிஸ்' என்பர். பாலித் தீவினர் 'கெப்பெங்' என்பர். போர்த்துக்கீசியரோ தென்னாட்டில் கற்ற சொல்லையே கிழக்கே கொண்டுபோய், துளையுள்ள சீனக் காசுக்கும் சூட்டிவிட்டனர். இன்றும் ஆங்கில நூல்களில் பழைய சீனச் செப்பு நாணயத்துக்குக் 'கேஷ்' என்பதே பெயர். சீனர் தம் மொழியில் அதனை அவ்வாறு கூறியதில்லை. சங்கப் புலவர் நூலில் கோத்துக் கண்ட காசின் பெயர், சீனர் கயிற்றில் கோத்த காசுக்கும் சென்று சேர்ந்தது. மேடையில் முழங்கத்தக்க உண்மை இதுவே. இதனை விட்டுவிட்டு இல்லாத ஒன்றை முழங்குவானேன்?

ஓர் எதிர்வாதம்

இங்கே கூர்மையான வாசகர் ஒரு தடை எழுப்பலாம். போர்த்துக்கீசியர் 1498-இல் வந்துவிட்டனர். ஆங்கிலத்தில் 'கேஷ்' தோன்றியதோ அதற்கு அடுத்த நூற்றாண்டின் இறுதியில். இடையில் நூறு ஆண்டுகள் உள்ளன. அதற்குள் காசு ஐரோப்பா சென்று 'கஸ்ஸா'வாகி ஆங்கிலத்தை அடைந்திருக்கலாகாதா?

இது தள்ளிவிடத்தக்க தடை அன்று. ஆயினும் விடை உண்டு. பிரெஞ்சு, இத்தாலியச் சொற்கள் போர்த்துக்கீசியர் கடலில் இறங்குவதற்கு நெடுங்காலம் முன்பே பெட்டி என்னும் பொருளில் வழங்கியவை. அவற்றின் தாயான இலத்தீன் 'கப்ஸா' உரோமானியர் காலத்தது. உரோமானியர் முசிறிக்கு வந்து மிளகு கொண்டனரே, அப்போதே காசும் சென்றிருக்கலாமே என்று மேலும் ஒரு படி ஏறுவாரும் உளர். ஆனால் 'கப்ஸா' அம்மொழியில் தனித்து நிற்கும் அயற்சொல் அன்று. பற்றுதலைக் குறிக்கும் அடியும், அவ்வடியிற் பிறந்த எண்ணற்ற சொற்களும் அதனைச் சூழ்ந்து நிற்கின்றன. சுற்றமும் வேரும் உள்ள சொல்லை அயலான் என்று கூற முடியாது.

மேலும், ஷேக்ஸ்பியர் 1599-ஆம் ஆண்டளவில் எழுதிய 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில் போர்வீரன் ஒருவன் தன் கடனைத் தீர்ப்பதாகக் கூறும் இடத்தில் இச்சொல் ரொக்கம் என்னும் பொருளில் வருகிறது. கிழக்கிந்தியக் கும்பினி உரிமைப் பட்டயம் பெற்றது 1600-ஆம் ஆண்டு திசம்பர் 31-ஆம் நாள். சென்னையில் கோட்டை எழுந்ததோ அதற்கும் ஏறத்தாழ நாற்பதாண்டு பின்னர். ஆகவே சென்னையிலிருந்த ஆங்கிலேயர் தமிழரிடம் கற்றுத் தாய்நாட்டுக்குக் கொண்டுபோன சொல் இது என்னும் வழக்கமான கூற்று காலக்கணக்கிலேயே வீழ்ந்துவிடுகிறது.

ஒலி ஒப்புமை சான்றாகுமா?

ஒலி ஒத்திருப்பதனால் மட்டும் உறவு நாட்டல் ஆகாது என்பதற்குக் 'கேஷ்' என்னும் சொல்லின் அண்டை வீட்டிலேயே சான்றுகள் உள. பணம் வாங்குவோரைக் 'கேஷியர்' என்பர். அது பெட்டிச்சொல்லின் வழியது. படையிலிருந்து ஒருவரை இழிவுபடுத்தி நீக்குவதையும் ஆங்கிலத்தில் அதே எழுத்துகளால் ஆகிய வினைச்சொல்லால் கூறுவர். ஆனால் அது 'நீக்கு, அழி' என்னும் பொருளுடைய வேறொரு சொல்லின் வழியாக டச்சு மொழியிலிருந்து வந்தது. ஒரே மொழியில், ஒரே எழுத்துக்கூட்டில் உள்ள இரண்டே உறவில்லாதபோது, இருவேறு மொழிகளில் உள்ளவற்றை ஒலி கண்டு உறவாக்குவது எங்ஙனம்? தமிழிலும் காசு என்பது நாணயத்தையும் குறிக்கும், குற்றத்தையும் குறிக்கும். நாணயம் குற்றத்திற் பிறந்தது என்று எவரும் கூறார்.

முந்திரிக்கு ஆங்கிலத்தில் 'கேஷ்யூ' என்று பெயர். ஒரு காசுக்கு எட்டு விற்றமையால் அப்பெயர் வந்தது என்று மலையாள நாட்டில் ஒரு கதை உண்டு. உண்மையில் அம்மரம் பிரேசில் நாட்டது. அந்நாட்டுத் தொல்குடி மக்களின் சொல்லைப் போர்த்துக்கீசியர் 'கஜூ' ஆக்கினர். அதுவே ஆங்கிலத்தில் 'கேஷ்யூ' ஆயிற்று. மலாயில் 'காஜுஸ்' ஆயிற்று. இவ்வாறே 'ஒன்று' என்பதிலிருந்து 'ஒன்' வந்தது, 'எட்டு' என்பதிலிருந்து 'எய்ட்' வந்தது என்பனவும். அவற்றுக்கு இலத்தீனில் 'ஊனுஸ்', 'ஒக்தோ' என்றும் செருமானியத்தில் 'ஐன்ஸ்', 'அஹ்ட்' என்றும் உடன்பிறப்புகள் இருத்தலை அறிந்தார் அவ்வாறு கூறார்.

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள காரணம் வெளிப்படையாக விளங்கித் தோன்றாது என்று தொல்காப்பியர் உரியியலில் எச்சரித்துச் சென்றார். எனவே, ஒரு சொல் கடன் சென்றது என்று கூறுவார் நான்கினை நாட்டல் வேண்டும். அச்சொல் முதன்முதல் எப்போது எழுத்தில் வந்தது, அப்போது அதன் பொருள் என்ன, எந்த மக்கள் வாயிலாக எந்த வழியே சென்றது, கொண்ட மொழியிலேயே அதற்கு வேர் இல்லையா என்பனவே அந்நான்கு. கட்டுமரமும், மிளகுத்தண்ணீரும், சுருட்டும் இச்சோதனையில் வென்று நிற்கின்றன. இரண்டாவது 'கேஷு'ம் வென்று நிற்கிறது. முதலாவது 'கேஷ்' தோற்கிறது.

கொடுத்ததும் கொண்டதும்

சொற்கடன் ஒருவழிப் பாதை அன்று. பணம் குறித்துத் தமிழர் நாவில் வழங்கும் சொற்களையே எண்ணிப்பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். 'துட்டு' என்பது தமிழரின் நாட்டுப்புறச் சொல் போலத் தோன்றும். டச்சுக்காரரின் சிறு செப்பு நாணயத்தின் பெயரே அது என்பர் அகராதியார். அதே சொல்தான் மலாயில் 'டூயிட்' ஆகிப் பணத்துக்கே பொதுப்பெயராயிற்று. தமிழரும் மலாய்க்காரரும் ஒரே டச்சுக்காசைப் பங்கிட்டுக்கொண்டவர் எனலாம். 'ரொக்கம்' என்பதையும் வடமொழி 'ரோக' என்பதோடு இணைத்துக் காட்டுவர்.

கொண்டது போலவே தமிழ் கொடுத்ததும் உண்டு. மலாய் மொழியில் வணிக முதலீட்டைக் குறிக்கும் 'மோடல்' தமிழ் 'முதல்' என்பதே. 'கெடாய்' என்பது 'கடை', 'கப்பல்' கப்பலே. பெட்டியைக் குறிக்கும் 'பெத்தி' என்னும் மலாய்ச்சொல்லும் தமிழ்ப் 'பெட்டி'யே என்பர். ஆங்கிலேயரின் பணச்சொல்லுக்கு மூலமான பெட்டி இலத்தீன்பெட்டி. மலாய்க்காரர் வீட்டில் உள்ள பெட்டியோ தமிழ்ப்பெட்டி. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் மாணவர்க்கு அருகிலுள்ள இச்சான்றுகளை எடுத்துக்காட்டுதல், தொலைவிலுள்ள ஆங்கிலத்தில் இல்லாத சான்றைத் தேடுவதினும் சிறந்ததாகும்.

முடிவு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. ரொக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலக் 'கேஷ்' இலத்தீன் 'கப்ஸா' வழிவந்த பெட்டிச்சொல். அது தமிழ் அன்று. கீழ்நாட்டுச் சிறு நாணயத்தைக் குறிக்கும் 'கேஷ்' போர்த்துக்கீசியர் வாயிலாகச் சென்ற தமிழ்க் காசு. ஐயமின்றித் தென்னாட்டு வழங்கல். இரண்டும் ஒருருவாய்த் தோன்றுதற்குக் காரணம் போர்த்துக்கீசிய மொழியில் நிகழ்ந்த கலப்பு. கரும்பலகையில் 'கேஷ்' என்று எழுதும் ஆசிரியர் இனி ஒருமுறை எழுதாமல் இருமுறை எழுதி, ஒன்றின் அருகே 'பெட்டி' என்றும் மற்றொன்றின் அருகே 'காசு' என்றும் எழுதுவாராக. அகராதியைத் திறக்கும் மாணவன் அங்கே தன் ஆசிரியர் கூறியதையே காண்பான்.

ஆங்கிலேயர் மொழியில் பெட்டி பணமாயிற்று. இன்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ரொக்கமில்லாக் கட்டண முறை பரவிவருகிறது. பெட்டியும் இல்லை, எண்ணிக் கொடுக்க நாணயமும் இல்லை. ஆனால் தமிழர் இன்னமும் வெள்ளி என்றும் காசு என்றுமே கணக்குச் சொல்கின்றனர். 'ஐம்பது காசு' என்று கடையிலே கேட்கும் சிறுவன், குறுந்தொகைப் புலவர் வழங்கிய சொல்லையே வழங்குகிறான். அதன் பெருமைக்கு ஆங்கில அகராதியின் முதற்பக்கத்து ஒப்பம் வேண்டியதில்லை.